மரமும் கட்டையும்: ஒரு லத்தீன் சிலுவைப் பாடலுக்குத் திருவோவியங்கள் தேடியது பற்றிய நிகழ்வு ஆய்வு

எங்கள் பங்கில் தவக்காலத்துக்கெனச் சிறிய தியானக் கையேடு ஒன்றை அச்சிட முடிவானபோது, அதன் பாடல் பகுதியை அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இடப்பக்கத்தில் பழைய லத்தீன் பாடல் ஒன்றின் ஒரு சரணமும் அதன் தமிழாக்கமும், வலப்பக்கத்தில் அதற்குப் பொருந்தும் ஒரு திருவோவியமும் வரவேண்டும் என்பதே ஏற்பாடு. நான் தேர்ந்தெடுத்த பாடல், புனித வார மாலைச் செபத்திலும் செப்டம்பர் 14 திருச்சிலுவை மகிமை விழாவிலும் பாடப்படும் 'வெக்சில்லா ரேஜிஸ்'. 'மன்னரின் கொடிகள் புறப்படுகின்றன' என்று தொடங்கும் அப்பாடலின் மூல வடிவத்தில் எட்டுச் சரணங்கள் உள்ளன. ஒவ்வொரு சரணத்திலும் நான்கு அடிகள், ஒவ்வோர் அடியிலும் எட்டு அசைகள். எட்டுச் சரணங்களுக்கும் ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளைக் காட்டும் படங்கள் கிடைப்பது எளிது என்று எண்ணி வேலையைத் தொடங்கினேன். படங்கள் கிடைத்தன; பொருத்தம்தான் கிடைக்கவில்லை. அது ஏன் கிடைக்கவில்லை, பின்னர் எந்த வழியில் கிடைத்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பாடல் பிறந்த சூழலை முதலில் சொல்ல வேண்டும். இறுதியில் விடை அங்கேதான் இருந்தது. பிரான்சு நாட்டின் புவாத்தியே நகரில், அரசன் முதலாம் குளோத்தாரை விட்டு விலகித் துறவு பூண்ட அரசி ராதெகுந்து ஒரு கன்னியர் மடத்தை நிறுவியிருந்தார். தம் மடத்துக்குத் திருச்சிலுவையின் துண்டு ஒன்று வேண்டும் என்று கான்ஸ்தாந்திநோபிளுக்கு ஆள் அனுப்பினார். பேரரசர் இரண்டாம் யுஸ்தினும் அரசி சோஃபியாவும் 569ஆம் ஆண்டளவில் அத்திருப்பண்டத்தை அனுப்பிவைத்தார்கள். உள்ளூர் ஆயர் மரோவேயுஸ் அதை வரவேற்க மறுத்து, குதிரையேறித் தம் பண்ணைக்குப் போய்விட்டார் என்று தூர் நகர ஆயர் கிரகோரி பதிவுசெய்திருக்கிறார். அரசன் சிகிபெர்த்தின் கட்டளைப்படி தூரிலிருந்து ஆயர் யூஃப்ரோனியுஸ் வந்து, பாடலும் விளக்கும் தூபமுமாக அதைப் பவனியாகக் கொண்டுவந்து மடத்தில் வைத்தார். அந்த வருகையை ஒட்டி ராதெகுந்தின் நண்பரான கவிஞர் வெனான்சியுஸ் ஃபொர்த்துனாத்துஸ் இயற்றியதுதான் இப்பாடல். பெரிய வெள்ளியன்று சிலுவை ஆராதனையில் பாடப்படும் 'பாஞ்சே லிங்குவா' என்ற மற்றொரு சிலுவைப் பாடலும் அவருடையதே.

ஆக, கவிஞர் கல்வாரியை மனத்தில் வரைந்துகொண்டு எழுதத் தொடங்கியவரல்லர். அவர் எதிர்கொண்டது பேழைக்குள் வைக்கப்பட்டு நெடுந்தொலைவு பயணப்பட்டு வந்த ஒரு மரத்துண்டு. இதன் முழுப்பொருளைத் தொடக்கத்தில் நான் உணரவில்லை.

முதல் முயற்சி

முதலில் நான் கைக்கொண்ட அளவுகோல் நிகழ்ச்சிதான். சரணத்தில் ஆணி வந்தால் ஆணி அறையும் படம், ஈட்டி வந்தால் விலா குத்தப்படும் படம், சிலுவை வந்தால் சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் படம் என்று அடுக்கினேன். பட்டியலின் உச்சியில் இருந்தது மத்தியாஸ் க்ரூனெவால்டு 1512க்கும் 1516க்கும் இடையில் இசன்ஹைம் மடத்துக்காக வரைந்த பீட ஓவியம். இன்று அது கோல்மார் நகரின் உன்தர்லிந்தன் அருங்காட்சியகத்தில் உள்ளது. 'அந்தோனியார் நெருப்பு' எனப்பட்ட கொடிய நோயால் உடல் அழுகிய நோயாளரைப் பேணிய மடம் அது. அந்நோயாளர்கள் பார்க்கவேண்டும் என்றே, முள் தைத்துப் பச்சைபாரித்த தோலும் விறைத்து விரிந்த விரல்களுமாக ஆண்டவரின் உடலை ஓவியர் வரைந்திருக்கிறார். இந்தப் படத்தை ஐந்தாம் சரணத்தின் எதிரே வைத்தேன். அச்சரணம் 'ஆர்போர் தெகோரா எத் ஃபுல்ஜிதா' என்று தொடங்கும்: 'எழில் மிக்க, ஒளி வீசும் மரமே, மன்னரின் செந்நீலப் பட்டு அணிந்த மரமே' என்று அதற்குப் பொருள் சொல்லலாம்.

அச்சுப்படி ஒன்றைச் செபக் குழுவினரிடம் காட்டியபோது அவர்கள் படத்தைப் பார்த்தார்கள், சரணத்தை வாசிக்கவில்லை. வாசித்தவர்கள் படத்திலிருந்து கண்ணை விலக்கிக்கொண்டு வாசித்தார்கள். சரணம் வெற்றிப் பெருமிதத்தோடு ஒரு மரத்தைப் போற்றுகிறது. படமோ வேதனையின் அடியாழத்துக்கு இறங்குகிறது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்கின்றன என்பது உண்மை. ஆனாலும் இருவர் ஒரே வீட்டுத் துக்கத்துக்கு வந்து, ஒருவர் தேற்றுரை சொல்லிக்கொண்டிருக்க மற்றவர் மார்பில் அறைந்து அழுவதைப் போல, ஒன்றன் குரலை மற்றது கேட்கவிடாமல் செய்தது. அழுகை தவறில்லை, தேற்றுரையும் தவறில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அப்போது குழுவில் மூத்தவரான ஒரு பெண்மணி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இங்க மரமே வளைஞ்சுபோய் நிக்குது பாருங்க தம்பி" என்றார். அதைக் கேட்டுக்கொண்டேனே தவிர, அன்று அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

தமிழில் மறைந்துபோன ஒரு திருப்பம்

படங்களை ஒதுக்கிவைத்துவிட்டு மொழிபெயர்ப்புக்குத் திரும்பியபோது, குறையின் ஒரு பகுதி என் தமிழில் இருப்பதைக் கண்டேன். நான்காம் சரணம் 'ரெஞ்ஞாவித் ஆ லீஞ்ஞோ தேயுஸ்' என்று முடிகிறது. 'கடவுள் மரத்திலிருந்து ஆட்சி செய்தார்' என்பது அதன் பொருள். தாவீதின் பாடல் நிறைவேறிற்று என்று கவிஞர் சொல்வது, இன்று நாம் 96ஆம் திருப்பாடலாக எண்ணும் பாடலின் பத்தாம் வசனத்தை நினைத்து. 'மரத்திலிருந்து' என்னும் சொல் எபிரேய மூலத்தில் இல்லை. பழைய லத்தீன் மொழிபெயர்ப்பில் இருந்தது, ரோமைத் திருப்பாடல் நூலில் நிலைத்தது. அடுத்த சரணம், மேலே சொன்னபடி, 'எழில் மிக்க மரமே' என்று தொடங்குகிறது. தமிழில் இரண்டும் மரம். லத்தீனில் முன்னது 'லீஞ்ஞும்', அதாவது வெட்டி அறுத்த கட்டை. பின்னது 'ஆர்போர்', அதாவது வேரும் கிளையும் உடைய உயிருள்ள மரம்.

தச்சர் பட்டறையில் கிடப்பதும் மரம், தோப்பில் நிற்பதும் மரம் என்று ஒரே சொல்லால் வழங்கும் நம் மொழியில், பெரிய வெள்ளியன்று 'திருச்சிலுவை மரம்' என்று கேட்டுப் பழகிய நமக்கு, நான்காம் சரணத்துக்கும் ஐந்தாம் சரணத்துக்கும் நடுவே எதுவும் நிகழ்ந்ததாகத் தோன்றாது. லத்தீனில் அந்த இடைவெளியில்தான் பாடலின் பெருநிகழ்வு நடக்கிறது: காய்ந்த கட்டை துளிர்க்கிறது. அதன் பிறகு வரும் ஏழாம் சரணத்தில் மரப்பட்டை நறுமணம் சொரிகிறது, அதன் சுவை அமுதத்தை வெல்கிறது, கனிகள் பழுக்கின்றன. மடத்தின் வாயிலுக்கு வந்து சேர்ந்த உலர்ந்த துண்டைக் கவிஞர் கண்ணெதிரே தழைக்க வைக்கிறார்.

இதைக் கண்டபின் என் தேடலின் அளவுகோல் மாறிற்று. பாடுகளை எந்த ஓவியர் நன்றாக வரைந்திருக்கிறார் என்பதை விட்டுவிட்டு, கட்டை துளிர்ப்பதை யார் வரைந்திருக்கிறார் என்று தேடினேன்.

சான் கிளமெந்தே

ரோம் நகரில், கொலோசியத்துக்கு அருகே உள்ள சான் கிளமெந்தே பேராலயத்தின் பீடத்துக்குப் பின்னுள்ள அரைக்குவிமாடத்தில், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட மொசைக் ஓவியம் ஒன்று இருக்கிறது. பொன்னிறப் பின்புலத்தின் நடுவே அடர்நிறச் சிலுவை. அதில் கண்மூடித் தலைசாய்த்த ஆண்டவர். சிலுவையின் உடலெங்கும் அமர்ந்திருக்கும் பன்னிரண்டு வெண்புறாக்கள். இருபுறமும் மரியாவும் யோவானும். இதுவரை இது வழக்கமான சிலுவைக் காட்சிதான். ஆனால் சிலுவையின் அடியில் ஒரு செடி முளைத்து, அதிலிருந்து கொடிகள் கிளம்பி, சுருள் சுருளாகச் சுழன்று குவிமாடத்தின் பரப்பு முழுவதையும் நிறைத்துவிடுகின்றன. அச்சுருள்களுக்குள் அம்புரோசியார், எரோணிமுஸ், அகுஸ்தீனார், பெரிய கிரகோரியார் ஆகிய நான்கு மறைவல்லுநர்கள் அமர்ந்திருக்கிறார்கள், பறவைகள் உள்ளன, கோழிகளுக்கு இரை போடும் ஒரு பெண்ணும் அங்கே இருக்கிறார். உலகம் முழுவதும், கோழிக்கூட்டம் உட்பட, அந்த ஒரு மரத்தின் கிளையில் குடியிருக்கிறது. அடியில் நான்கு ஆறுகள் பாய, இரண்டு கலைமான்கள் குனிந்து நீர் பருகுகின்றன.

ஐந்தாம் சரணத்தை இதன் எதிரே வைத்தபோது, படத்திலிருந்து கண்ணை விலக்காமல் அதை வாசிக்க முடிந்தது. ஏழாம் சரணமோ இன்னும் நெருக்கமாக அமர்ந்தது. பட்டையின் மணத்தையும் கனியின் செழிப்பையும் சொல்லும் அடிகளைச் சுருள் சுருளாகத் தழைத்த கொடிகளின் கீழ் வாசிக்கும்போது, கவிஞர் இந்த மொசைக்கைப் பார்த்து எழுதினாரோ என்றே தோன்றும். உண்மையில் பாடல் மொசைக்குக்கு ஐந்நூற்றைம்பது ஆண்டுகள் மூத்தது. எதிர்த் திசையிலும் எளிதாக முடிவு கட்டிவிடக் கூடாது. ரோமைத் திருப்புகழ்மாலை என்னும் அன்றாடச் செபநூலில் நெடுங்காலம் நிலைபெற்றிருந்த வடிவத்தில் இரண்டு, ஏழு, எட்டு ஆகிய மூன்று சரணங்கள் இல்லை. மரத்தை மிக நெருங்கிப் பாடும் ஏழாம் சரணமே வழிபாட்டில் விடுபட்டிருக்கிறது. எனவே இப்பாடலைக் கேட்டுத்தான் மொசைக் பிறந்தது என்று நான் கையேட்டில் எழுதவில்லை. பொருத்தம் இருக்கிறது என்பதால் உறவு இருந்தது என்று ஆகிவிடாது.

ஆனால் வேறோர் உறவு உண்டு. அதைச் சொல்வது மொசைக்கின் அடியில் ஓடும் லத்தீன் வாசகம். 'கிறிஸ்துவின் திருச்சபையை இந்தத் திராட்சைக் கொடிக்கு ஒப்பிடுவோம். சட்டம் அதை உலர்த்துகிறது, சிலுவையோ பசுமையாக்குகிறது' என்னும் பொருள்பட எதுகையோடு அமைந்த இரண்டு அடிகள் அதில் உள்ளன. அவ்விரண்டு அடிகளுக்கும் நடுவே, கவிதையை வெட்டிக்கொண்டு ஒரு குறிப்பு செருகப்பட்டிருக்கிறது: திருச்சிலுவையின் மரத்துண்டும், யாக்கோபின் பல்லும், இஞ்ஞாசியாரின் திருப்பண்டமும் மேலே வரையப்பட்ட கிறிஸ்துவின் உடலுக்குள் இளைப்பாறுகின்றன என்பது அக்குறிப்பு. அதாவது இந்த மொசைக் திருச்சிலுவையின் துண்டு ஒன்றைத் தனக்குள் பொதிந்துவைத்திருக்கும் பேழையும் ஆகும்.

இந்த வாசகத்தைப் படித்த இரவு எனக்கு மறக்காது. புவாத்தியேயில் ஒரு மரத்துண்டு வந்து சேர்ந்தது, அதைச் சுற்றி ஒரு பாடல் தழைத்தது. ரோமில் ஒரு மரத்துண்டு சுவருக்குள் வைக்கப்பட்டது, அதைச் சுற்றி ஒரு கொடி தழைத்தது. பாடலும் படமும் ஒன்றையொன்று அறியாமல் இருந்திருக்கலாம். இரண்டும் தொடங்கிய இடம் ஒன்று. உலர்ந்த துண்டுக்கு முன்னால் நின்று 'இது பசுமை' என்று சொல்லத் துணிந்த நம்பிக்கையும் ஒன்று. வாசகத்தின் 'உலர்த்துகிறது, பசுமையாக்குகிறது' என்ற முரணையும், பாடல் 'லீஞ்ஞும்' என்பதிலிருந்து 'ஆர்போர்' என்பதற்குத் தாவுவதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே வாக்கியத்தை இரு வகையாகச் சொல்வது தெரியும். ஒரு சரணத்துக்குப் படம் தேடுபவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இது எந்த நிகழ்ச்சியைச் சொல்கிறது என்பதல்ல, எதைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறது என்பதே என்று அன்று தெளிந்தேன்.

ஆறாம் சரணத்தையும் இதே படத்தின் எதிரிலேயே வைத்தேன். உலகின் விலை தொங்கிய கைகளை உடைய பேறுபெற்ற மரம், அவர் உடலை நிறுக்கும் 'ஸ்தாத்தெரா' ஆயிற்று என்கிறது அச்சரணம். பல மொழிபெயர்ப்புகளில் இச்சொல் பொதுவாகத் தராசு என்றே வருகிறது. ஆனால் இரு தட்டுத் தராசைவிட, நீண்ட தண்டில் பொருளைத் தொங்கவிட்டு நிறுக்கும் வெள்ளிக்கோலே சிலுவையின் குறுக்குமரத்துக்கு நெருக்கமானது. கோல் என்று எழுதியதும், நீட்டிய கைகளும் தொங்கும் உடலும் தாமே கண்முன் வந்தன.

மற்றச் சரணங்கள்

முதல் சரணம் எளிதாக இருக்கவில்லை. 'வெக்சில்லும்' என்பது ரோமைக் குதிரைப்படையின் கொடி. நீண்ட தண்டின் உச்சியில் குறுக்குக்கோல் கட்டி, அதிலிருந்து துணி தொங்கவிடப்படும். அதன் வடிவமே சிலுவைதான் என்பதைத் தெர்த்துல்லியன் போன்ற பழைய எழுத்தாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அடுத்த அடி 'சிலுவையின் மறைபொருள் சுடர்கிறது' என்கிறது. இதற்கு ராவென்னாவுக்கு அருகே, 549ஆம் ஆண்டில் நேர்ந்தளிக்கப்பட்ட கிளாஸ்ஸே புனித அப்போலினாரிஸ் பேராலயத்தின் மொசைக்கைத் தேர்ந்தேன். விண்மீன்கள் பதித்த நீல வட்டத்தின் நடுவே மணிகள் இழைத்த பொற்சிலுவை. அதன் அடியில் 'உலகின் மீட்பு' என்ற லத்தீன் சொற்கள். ஃபொர்த்துனாத்துஸ் இத்தாலியில் பிறந்து ராவென்னாவில் கல்வி கற்றவர். அந்நகரின் ஆலயம் ஒன்றில் புனித மார்த்தீனாரின் சுவரோவியத்தின் கீழ் எரிந்த விளக்கின் எண்ணெயைத் தடவித் தம் கண்நோய் நீங்கியதாக அவரே பாடியிருக்கிறார். திருவோவியத்தின் முன்னே நின்று கண்ணொளி பெற்றதாகச் சொல்லும் ஒருவரின் பாடலுக்கு அவருடைய மாணவப் பருவத்து ஊரிலிருந்தே படம் எடுத்தது எனக்கு மனநிறைவு தந்தது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. மூல வடிவத்தில் முதல் சரணத்தின் பின்னிரண்டு அடிகள் 'ஊனைப் படைத்தவர் ஊனுடலோடு தூக்குமரத்தில் தொங்கவிடப்பட்டார்' என்பவை. திருத்தந்தை எட்டாம் ஊர்பான் 1632இல் வெளியிட்ட திருத்தத்தில் அவை நீக்கப்பட்டு, 'வாழ்வு சாவைத் தாங்கிற்று, சாவால் வாழ்வை ஈந்தது' என்ற பொருளுடைய அடிகள் வந்தன. அவை கடைசிச் சரணத்திலிருந்து எடுத்துச் சிறிது மாற்றப்பட்டவை. கிளாஸ்ஸே சிலுவையில் தொங்கும் உடல் இல்லை; திருத்தப்பட்ட வடிவத்தை அச்சிட்டால் பொருத்தம் எளிதாகிவிடும். படத்துக்காகப் பாடத்தை மாற்றுவது முறையன்று என்பதால் மூலத்தையே அச்சிட்டேன். அந்தச் சிலுவையின் கைகள் கூடும் இடத்தில், கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரியும் சிறு வட்டத்துக்குள் ஆண்டவரின் முகம் இருக்கிறது. அதைத் தனியே பெரிதாக்கி மூன்றாம் அடியின் அருகே வைத்தேன். ஊனுடல் பற்றிய சொற்களுக்கு அந்த முகம் போதும் என்பது என் கருத்து. போதாது என்று சொன்னவர்களும் குழுவில் இருந்தார்கள்.

மூன்றாம், நான்காம் சரணங்களுக்கு 586ஆம் ஆண்டில் சிரிய மொழியில் எழுதி முடிக்கப்பட்ட ராபுலா நற்செய்தி ஏட்டின் சிலுவைக் காட்சி அமைந்தது. ஏடு இப்போது ஃபுளோரன்சு நகரின் லவுரென்சிய நூலகத்தில் உள்ளது. பாடலுக்குப் பதினேழு ஆண்டுகளே இளையது. படைவீரன் ஈட்டியை நீட்டுகிறான், அவன் தலைக்கு மேல் லோங்கினுஸ் என்ற பெயர் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. ஆண்டவரோ பொற்பட்டைகள் ஓடும் செந்நீல நீளங்கியோடு, கண் திறந்தபடி சிலுவையில் நிற்கிறார். குத்தப்படும்போதே ஆட்சி செய்யும் மன்னரை வேறெங்கும் இவ்வளவு தெளிவாக நான் கண்டதில்லை. ஆணிகளைச் சொல்லும் இரண்டாம் சரணத்துக்குப் படமே வேண்டாமென்று விட்டுவிட்டேன். 'பீடமே வாழ்க, பலியே வாழ்க' என்னும் எட்டாம் சரணத்துக்கு, 1432இல் முடிந்த கெந்து நகரப் பீட ஓவியத்தில் பீடத்தின் மேல் நிமிர்ந்து நிற்கும் ஆட்டுக்குட்டி தயக்கமில்லாமல் பொருந்திற்று.

வளைந்த மரம்

க்ரூனெவால்டின் படத்தை ஒதுக்கியது மட்டும் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த மூத்த பெண்மணியின் சொல் திரும்ப வந்தது. இசன்ஹைம் ஓவியத்தில் குறுக்குமரம் நேராக இல்லை. செதுக்கப்படாத அந்தத் தடி, உடலின் பாரம் தாங்காமல் இருமுனைகளும் கீழ்நோக்கி வில்லாய் வளைந்திருக்கிறது. அதற்குரிய அடிகள் 'வெக்சில்லா'வில் இல்லை. அதே கவிஞரின் 'பாஞ்சே லிங்குவா'வில் இருக்கின்றன. 'ஃப்ளெக்தே ராமோஸ், ஆர்போர் ஆல்த்தா' என்று கவிஞர் மரத்திடம் மன்றாடுகிறார்: 'உயர்ந்த மரமே, உன் கிளைகளைத் தாழ்த்து, இறுகிய உன் நார்களைத் தளர்த்து, பிறவியில் உனக்கு வந்த விறைப்பு இளகட்டும், விண்ணரசரின் உறுப்புகளை மென்மையாகத் தாங்கு.'

படத்தில் இரும்பாய் விறைத்திருப்பது உடல், இளகி வளைந்திருப்பது மரம். கவிஞர் கேட்டது ஆயிரம் ஆண்டுகள் கழித்துக் கிடைத்துவிட்டதைப் போன்ற காட்சி அது. எட்டுச் சரணங்களுக்கும் அப்பால் கூடுதல் இணையாக இச்சரணத்தையும் இப்படத்தையும் கையேட்டில் சேர்த்தேன். முன்பு பாடலைக் கேட்கவிடாமல் செய்த அதே ஓவியம், இங்கே பாடலின் வேண்டுதலுக்கு விடையாக நின்றது. குறை ஓவியத்தில் இருந்ததே இல்லை; அதை நான் வேறொருவருடைய இருக்கையில் உட்காரவைத்திருந்தேன். அதே 'பாஞ்சே லிங்குவா'வில் வரும் 'நிலமும் கடலும் விண்மீன்களும் உலகும் அந்த ஆற்றில் கழுவப்படுகின்றன' என்ற அடியையும் எடுத்து, சான் கிளமெந்தேயின் நான்கு ஆறுகள் தெரியும் பகுதியின் கீழ் சிறிய எழுத்தில் இட்டேன்.

கொடி என்னும் சொல்

ஒரு முடிவை எடுக்க வெகுநாள் ஆயிற்று. பாடலின் முதல் சொல்லைத் தமிழில் 'கொடிகள்' என்று பெயர்க்கிறோம். சான் கிளமெந்தே வாசகம் சொல்லும் திராட்சைச் செடியும் தமிழில் கொடிதான். லத்தீனில் 'வெக்சில்லும்' என்பதற்கும் 'வீதிஸ்' என்பதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தமிழிலோ, மன்னரின் கொடிகள் புறப்படுகின்றன என்ற அடியைச் சிலுவையடியிலிருந்து கொடிகள் புறப்பட்டுக் குவிமாடத்தை நிறைக்கும் மொசைக்கின் கீழ் இட்டால், மூலத்தில் இல்லாத ஒரு பொருள் தானே வந்து அமர்ந்துகொள்ளும். குழுவில் பலரும் அப்படியே செய்யச் சொன்னார்கள். எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் வாசிப்பவர் அதைக் கவிஞரின் கருத்தென்றே கொள்வார் என்பதால் முதல் சரணத்தைக் கிளாஸ்ஸே சிலுவையின் அருகிலேயே விட்டேன். சரணங்களெல்லாம் முடிந்தபின் வரும் கடைசிப் பக்கத்தில் சான் கிளமெந்தேயை ஒருமுறை முழுமையாக அச்சிட்டு, அதன் வாசகத்தை மட்டும் தமிழில் தந்து, கொடி என்ற சொல்லை அங்கே தனியே நிற்கவைத்தேன். முதல் பக்கத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் தாமே இணைத்துக்கொள்ளட்டும்.

கையேடு அச்சாகி வந்த அன்று, வளைந்த மரத்தை முதலில் கண்ட அந்தப் பெண்மணி கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசகம் சொல்லும் அந்த மரத்துண்டு படத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாதம்மா, ஆண்டவரின் உடலுக்குள் என்றுதான் எழுதியிருக்கிறது, இந்தச் சிறுசிறு கண்ணாடிக் கற்களுக்குப் பின்னால் இருக்கவேண்டும் என்றேன். அவர் தாளின்மேல் விரலை வைத்து, ஆண்டவரின் மார்பிலிருந்து அடியில் முளைத்த செடிக்கும், செடியிலிருந்து ஒவ்வொரு சுருளுக்கும் மெல்ல நகர்த்திக்கொண்டே போனார்.